தன்விவரக் குறிப்பும் ஒரு சாட்சியமே

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் படித்து முடித்த இளைஞனுக்கு மூன்று வாசல்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, விருத்தாசலத்தின் பீங்கான் தொழில். இரண்டு, நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் அதைச் சார்ந்த ஒப்பந்தப் பணிகளும். மூன்று, வளைகுடா. எந்த வாசலைத் தட்டினாலும் முதலில் கேட்கப்படுவது ஒரு தாள். அதைச் சிலர் பயோடேட்டா என்கிறோம், சிலர் ரெஸ்யூம் என்கிறோம். தேர்வு முடிவுகள் வெளிவரும் காலங்களில், மஃரிபுக்குப் பிறகு கருவேப்பிலங்குறிச்சிப் பிள்ளைகள் அந்தத் தாளோடு நம்மிடம் வருகிறார்கள். அரபு இலக்கணம் கற்பிக்கும் நம்மிடம் இதற்கு என்ன வேலை என்று முதலில் தோன்றியது. பல தாள்களைப் படித்துத் திருத்திய பின்னர், இது மார்க்கக் கல்விக்கு நெருக்கமான வேலைதான் என்ற முடிவுக்கு வந்தோம்.

காரணம், அந்தத் தாளின் கடைசி வரி. மேலே சொன்ன விவரங்கள் அனைத்தும் தாம் அறிந்தவரை உண்மை என்று உறுதி கூறி, இடம், தேதி எழுதிக் கையொப்பமிடும் அந்த வரி நம் நாட்டுத் தன்விவரக் குறிப்புகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. நகலெடுக்கும் கடையில் முன்பே தட்டச்சு செய்து வைத்திருக்கும் படிவத்தோடு அதுவும் சேர்ந்தே வந்துவிடுகிறது. நம்மிடம் வரும் பிள்ளைகளில் அதைப் படித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. ஃபிக்ஹின் கண் கொண்டு பார்த்தால் அது ஒரு ஷஹாதத். தன்னைப் பற்றித் தானே சொல்லிக் கையொப்பமிடும் சாட்சியம். அந்த வரி வரும்வரை மேலே எழுதிய ஒவ்வொரு சொல்லும் அந்தச் சாட்சியத்துக்கு உட்பட்டது.

அப்படியானால் தன்னைப் பற்றித் தானே நல்லதாக எழுதுவது தகுமா என்று பேணுதல் மிக்க பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தம்மைத் தாமே தூய்மையானவர்கள் என்று மெச்சிக்கொள்வதைத் திருக்குர்ஆன் (53:32) தடுக்கிறது. அதே திருக்குர்ஆனில்தான் யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் அரசரிடம், நாட்டின் களஞ்சியங்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு கேட்டதும், தாம் பாதுகாக்கத் தெரிந்தவர், விவரம் அறிந்தவர் என்று தம்மைப் பற்றிச் சொன்னதும் (12:55) வருகின்றன. இரண்டையும் இணைத்து விளக்கும் இமாம் குர்துபீ (ரஹ்) அவர்கள், தம்மை அறியாதவரிடம் தேவையை முன்னிட்டுத் தம் தகுதியை எடுத்துரைப்பது ஆகும் என்கிறார்கள். கூடவே ஒரு நுட்பத்தையும் காட்டுகிறார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் தம் குலப்பெருமையைச் சொல்லவில்லை, அழகைச் சொல்லவில்லை. பாதுகாப்பையும் அறிவையும் மட்டுமே சொன்னார்கள். நபிமார்களின் வழித்தோன்றல் என்ற குலமும், கதைகளில் நிலைத்துவிட்ட அழகும் அவர்களிடம் இருந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இப்போது நகல் கடைப் படிவத்தைப் பாருங்கள். தகப்பனார் பெயர், மதம், இனம், உயரம், எடை, திருமண நிலை, தாய்மொழி என்று முதல் அரைப்பக்கம் போய்விடுகிறது. திருமணத் தகவல் மையத்துக்கு அது பொருந்தும். பணியமர்த்துபவர் அந்த அரைப்பக்கத்தில் தேடுவது வேறு: இவர் என்ன செய்யத் தெரிந்தவர், எங்கே செய்தார், எவ்வளவு காலம் செய்தார். அரசு விண்ணப்பத்தில் இனமும் பிறந்த தேதியும் தனிப் படிவத்திலேயே கேட்கப்படும், அங்கே எழுதலாம். தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் தாளில் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், ஊர் ஆகியவை போதும். அவற்றுக்குக் கீழே நேரடியாகத் தொழிலுக்கு வந்துவிட வேண்டும். மின்னஞ்சல் பெயரும் கவனத்துக்குரியது. எட்டாம் வகுப்பில் விளையாட்டாக உருவாக்கிய நடிகர் பெயருள்ள முகவரியை இன்றும் ரெஸ்யூமில் போடும் பொறியியல் பட்டதாரிகள் உண்டு.

மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி மத்யன் பெரியவரின் மகள் தம் தந்தையிடம் பரிந்துரைத்தபோது இரண்டு தகுதிகளைச் சொன்னார் (28:26): வலிமை, நம்பகத்தன்மை. ஆலிம்கள் இவ்வசனத்தை விளக்கும்போது வலிமை என்பதை அந்தந்த வேலைக்குரிய ஆற்றல் என்றும் விரித்துரைக்கிறார்கள். அந்தப் பெண்மணி இவற்றைப் பொதுவாகச் சொல்லிவிடவில்லை. கிணற்றடியில் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்ததையும், வழியில் நடந்துகொண்ட விதத்தையும் கண்ட பிறகே சொன்னார். தன்விவரக் குறிப்பும் இப்படித்தான் இருக்க வேண்டும். கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுபவர், எதையும் விரைவில் கற்பவர் என்று வெறும் பண்புப்பெயர்களை அடுக்கினால், படிப்பவருக்கு அதில் கிணறும் தெரியாது, ஆடும் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு. பீங்கான் பட்டறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் தம் தாளில், பீங்கான் கம்பெனியில் வேலை என்று ஒரே வரியில் முடித்திருந்தார். உட்கார வைத்துக் கேட்டோம். களிமண் கலவையை அரைவை இயந்திரத்தில் போட்டுக் கூழாக்குவது, அதைப் பிளாஸ்டர் அச்சுகளில் ஊற்றுவது, காய்ந்தபின் விளிம்பு சீவுவது, மெருகுக் கலவையில் முக்குவது, சூளையில் அடுக்குவது என்று வரிசையாகச் சொன்னார். எந்தப் பொருள் என்று கேட்டால், மின்கம்பிகளுக்கான காப்பான்களும் ஃப்யூஸ் கட்டைகளும் என்றார். சூளையின் வெப்பத்தை யார் கவனித்தது என்று கேட்டோம். கடைசி இரண்டு வருடம் இரவுப் பணியில் அவர்தானாம். ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் சூளையில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கண்காணித்து, நேரத்துக்கு நேரம் குறித்து வைத்தவர் அவர். சூடு தவறினால் ஓர் அடுக்கே வெடித்து வீணாகிவிடும். இத்தனையும் தெரிந்தவர் தாளில் எழுதியது மூன்று சொற்கள்!

இதைச் சிலர் பணிவு என்று நினைக்கிறார்கள். தகவல் தராமை எப்படிப் பணிவாகும்? அல்லாஹ் கொடுத்த தொழிலறிவைக் கேட்பவரிடம் உள்ளபடி சொல்வதே போதும். அந்த வரியை மாற்றி, எந்தப் பொருள், எந்தெந்தப் படிகள், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்தப் பொறுப்பு தனியாக அவருடையது என்று நான்கு வரிகளாக்கினோம். புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை.

இந்தக் கலையில் நமக்கு முன்னோடிகள் முஹத்திஸ்கள். ஹதீஸ் அறிவிப்பாளர்களை ஆராயும் அஸ்மாஉர் ரிஜால் கலையை மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது விளங்கும். இமாம் மிஸ்ஸீ (ரஹ்) அவர்களின் தஹ்தீபுல் கமால் இன்றைய அச்சில் 35 பாகங்கள். அதை இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ், மறைவு ஹிஜ்ரீ 852) அவர்கள் தஹ்தீபுத் தஹ்தீப் என்று சுருக்கினார்கள். நம் நாட்டின் ஹைதராபாத்தில் ஹிஜ்ரீ 1325 முதல் 1327 வரை அது 12 பாகங்களாக அச்சேறியது. பிறகு அவர்களே அதனினும் சுருக்கித் தக்ரீபுத் தஹ்தீபை எழுதினார்கள். அதில் ஓர் அறிவிப்பாளருக்குப் பெரும்பாலும் ஒரு வரிக்கு மேல் இடமில்லை. பெயர், தந்தை பெயர், ஊர் அல்லது குலம், நம்பகத்தன்மையின் தரம், எந்தத் தலைமுறையினர் என்பன மட்டும். தரங்கள் 12, தலைமுறைப் படிகள் 12. உண்மையாளர், ஆனால் தவறிழைப்பார் என்பதும், உண்மையாளர், ஆனால் மனன ஆற்றல் குறைந்தவர் என்பதும் அதில் ஒரே தரத்தைச் சேர்ந்தவை. ஒரு மனிதரை இவ்வளவு சிக்கனமாகவும் இவ்வளவு நேர்மையாகவும் எழுதிய நூலை நாம் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தக் கலையில் தேதிக்கு உள்ள மதிப்பையும் பாருங்கள். எகிப்தின் காழியாக இருந்த அப்துல்லாஹ் இப்னு லஹீஆ (மறைவு ஹிஜ்ரீ 174) உண்மையாளர். ஆனால் அவருடைய நூல்கள் எரிந்துபோன பிறகு அறிவிப்புகளில் குழப்பம் நேர்ந்தது. ஆகவே அவரிடம் ஒருவர் எப்போது கேட்டார் என்பது கேள்வியாகிறது. நம் பிள்ளைகள் அனுபவத்தை எழுதும்போது ஆண்டை மட்டும் போட்டு மாதத்தை விட்டுவிடுகிறார்கள். 2022 – 2023 என்று எழுதினால் அது இரண்டு மாதமாகவும் இருக்கலாம், 24 மாதமாகவும் இருக்கலாம். வருங்கால வைப்புநிதிக் கணக்கு உள்ளவருக்கு, எந்த நிறுவனத்தில் எந்த நாள் சேர்ந்தார், எந்த நாள் விலகினார் என்பது அக்கணக்கிலேயே பதிவாகியிருக்கிறது. பின்னணிச் சரிபார்ப்பு செய்யும் நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கின்றன.

முஹத்திஸ்கள் வினைச்சொற்களிலும் கணக்காக இருந்தார்கள். ஆசிரியர் ஓத மாணவர் கேட்டால் ஹத்தஸனா, மாணவர் ஓத ஆசிரியர் கேட்டால் அக்பரனா என்ற வேறுபாட்டை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பு நெடுகிலும் பேணுகிறார்கள். செய்தேன், செய்ய உதவினேன், மேற்பார்வையிட்டேன், பயிற்சியின்போது பார்த்தேன் ஆகிய நான்கும் வேறு வேறு. கல்லூரிச் செயல்திட்டத்தை நால்வர் சேர்ந்து செய்திருந்தால், அதில் தம் பங்கு எது என்பதை எழுத வேண்டும். நேர்காணலில் அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.

இனி, நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் ஒரு நோயைச் சொல்ல வேண்டும். நெய்வேலியில் ஓர் ஒப்பந்ததாரரிடம் பணியாற்றியவர் தம் தாளில் என்.எல்.சி. என்று மட்டும் எழுதிவிடுகிறார். கேட்டால், சுரங்கத்துக்குள்தானே ஹஜ்ரத் வேலை பார்த்தேன், பொய் இல்லையே என்கிறார். சொல் பொய்யில்லை. ஆனால் படிப்பவர் நிரந்தர ஊழியர் என்று எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டு வைத்த இடைவெளி அது. ஹதீஸ் கலையில் இதற்குத் தத்லீஸ் என்று பெயர். தாம் நேரில் கேட்காததை, கேட்டது போல் தோன்றும் சொல்லால் அறிவிப்பது. இமாம் ஷுஅபா (ரஹ்) அவர்கள் இதைப் பொய்க்கு உடன்பிறப்பாகவே கருதினார்கள். தீர்வு எளிது. ஒப்பந்த நிறுவனத்தின் பெயரை எழுதி, பணியிடம் நெய்வேலிச் சுரங்கம் என்று அடுத்து எழுதலாம். அங்கே தொழிற்பழகுநராக இருந்தவர், தொழிற்பழகுநர் சட்டத்தின்படி பயிற்சி என்று காலத்தோடு எழுதலாம். இரண்டுமே மதிப்புள்ள அனுபவங்கள்தாம். உண்மையாகச் சொன்னாலே எடுபடக்கூடியதை ஏன் மங்கலாக்க வேண்டும்?

தத்லீஸுக்கு அடுத்தபடி வெளிப்படையான பொய். சிறு தொகைக்கு அனுபவச் சான்றிதழ் அச்சடித்துத் தரும் இடைத்தரகர்களைப் பற்றி நம் பகுதிப் பெற்றோர் பலரும் அறிவார்கள். வளைகுடாவுக்குச் செல்லும் அவசரத்தில், பற்றவைப்பையே தொடாத பிள்ளைக்கு வெல்டர் என்று ஐந்தாண்டுச் சான்றிதழ் வாங்கப்படுகிறது. தமக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவர் பொய்யின் இரண்டு ஆடைகளை அணிந்தவரைப் போன்றவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. உலக வாழ்க்கையின் கணக்கிலும் இது நஷ்டமே. மின்பணி, குழாய்ப்பணி, பற்றவைப்பு முதலிய தொழில்களுக்குச் செல்வோருக்குச் சவூதி அரேபியா இந்தியாவிலேயே திறன் தேர்வு நடத்துகிறது. தாளில் இருப்பது கையில் இல்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். மருத்துவத் துறைச் சான்றுகளை வளைகுடா நாடுகள், வழங்கிய நிறுவனத்திடமே நேரில் கேட்டுச் சரிபார்க்கின்றன. தேர்வில் தப்பியவர் பணியிடத்தில் சிக்கினால் பாதிப்பு அவருக்கு மட்டுமன்று. உயரத்தில் நிற்கும் சாரத்தின் கீழே இன்னொருவருடைய பிள்ளையும் நிற்கிறான்.

இடைத்தரகர்களைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறோம். பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு இந்திய அரசு வைத்துள்ள உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும். முகவர் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமாகவே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இயங்குகிறது. வீட்டு நகையை அடகு வைக்குமுன் இவற்றைப் பார்ப்பது நல்லது.

வேலையில்லாமல் இருந்த காலத்தை எப்படி மறைப்பது என்று கேட்கிறார்கள். மறைக்கவே வேண்டாம். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கை விட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கேட்டதையும் நாம் மக்தப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கிறோம். நனைந்தது குற்றமாகப் பேசப்படவில்லை, உள்ளே வைத்தது பேசப்பட்டது. தாயாரின் நோய்க்காலத்தில் உடனிருந்தேன் என்று எழுதி மாதங்களைக் குறிப்பிட்டால், பெரும்பாலான மேலாளர்கள் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். நீட் தேர்வுக்கு ஓராண்டு முயன்று கிடைக்கவில்லை என்பதும் எழுதத் தகுந்ததே.

நம்மைப் போன்று ஓதி ஸனது பெற்ற ஆலிம்களின் தாள்கள் தனி வகை. ஆலிம், ஹாஃபிழ் என்று மட்டும் எழுதினால் வெளி நிறுவனத்தாருக்கு ஒன்றும் புரியாது. எத்தனை ஆண்டுப் படிப்பு, எந்தெந்தப் பாடங்கள், எந்த மொழியில் என்று விரிக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமாத் தேர்வு எழுதியிருந்தால் அதைத் தனி வரியில் முன்னே வைக்க வேண்டும், அது பல்கலைக்கழகச் சான்று. அரபு தெரியும் என்பதையும் பிரித்தெழுதுவது அவசியம். பழைய நூல்களை வாசித்து மொழிபெயர்ப்பது வேறு, ரியாதில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுத்துப் பேசுவது வேறு. இமாமாக இருந்தவர் வரவு செலவுக் கணக்கு எழுதியிருப்பார், ஜகாத் பட்டியல் தயாரித்திருப்பார், வாரந்தோறும் நூற்றுக்கணக்கானோர் முன் பேசியிருப்பார், வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் ஓதவைத்திருப்பார். இவை தொழில்திறன்கள் என்று அவருக்கே தோன்றுவதில்லை.

தாளின் புறவடிவம் பற்றிச் சுருக்கமாக. புதியவருக்கு ஒரு பக்கம், அனுபவம் மிகுந்தவருக்கு இரண்டு. பெரிய நிறுவனங்களில் மனிதர் பார்க்குமுன் மென்பொருள் படிக்கிறது. வண்ணப் பெட்டிகளும் இரண்டு பத்தி அமைப்பும் அதைக் குழப்பும். சாதாரண எழுத்துரு, சாதாரண தலைப்புகள், பிடிஎஃப் கோப்பு, கோப்பின் பெயராகத் தம் பெயர். விளம்பரத்தில் அவர்கள் பயன்படுத்திய தொழிற்சொல் தமக்கும் உண்மையில் பொருந்தினால் அதே சொல்லையே எழுதலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுப் பளபளப்பான ஆங்கிலத்தில் எழுதி வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். இலக்கணம் திருத்த அது உதவட்டும். அது எழுதிய ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல்லை அடித்துவிடச் சொல்கிறோம்.

இணையப் பக்கம், குறிப்பாக லிங்க்ட்இன், இதே சாட்சியத்தின் திறந்த வடிவம். தாளை ஒருவருக்கு அனுப்புகிறோம், இதை எல்லோரும் பார்க்கிறார்கள். உடன் வேலை பார்த்தவர்களும் பார்ப்பார்கள் என்பதால் பொய் சொல்ல அங்கே கூச்சம் சற்று அதிகம், அது நன்மைதான். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் வரை இடமுண்டு. அங்கே வேலை தேடுகிறேன் என்பதை மட்டும் எழுதுவது வீண். பீங்கான் தொழில்நுட்பப் பட்டயம், சூளை இயக்கம், தரச் சோதனை என்று தொழிலை எழுதினால், அந்தத் தொழிலாளரைத் தேடுபவர் கண்ணில் படும். தாளிலும் பக்கத்திலும் தேதிகள் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் பெண்மக்கள் பற்றிப் பெற்றோர் தயங்குகிறார்கள். பட்டம் பெற்ற மகளுக்கு இணையத்தில் பக்கம் வேண்டுமா, படம் போட வேண்டுமா என்று கேட்கிறார்கள். அந்தத் தளத்தில் படம் கட்டாயமில்லை. கைப்பேசி எண்ணும் வீட்டு முகவரியும் பொதுவில் தெரிய வேண்டியதில்லை, மின்னஞ்சல் ஒன்றே போதும். யார் யார் பார்க்கலாம் என்பதை அமைப்புகளில் கட்டுப்படுத்திக்கொள்ளலாம். ஹிஜாபுடன் படம் வைத்துக்கொள்வதும் அவரவர் குடும்பத்தின் விருப்பம். ஆனால் அச்சத்தை மட்டும் காரணமாக்கி, படித்த பெண்ணின் தகுதி யாருக்கும் தெரியாமல் போவதை நாம் ஆதரிக்கவில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகர். முஹம்மத் (ஸல்) அவர்களின் உண்மையையும் நாணயத்தையும் கேள்வியுற்றுத் தம் சரக்கைச் சிரியாவுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பை ஒப்படைத்தவர். பயணத்தில் உடன் சென்ற மைஸராவின் வாய்மொழியையும் கேட்டறிந்தவர்.

மைஸராவின் இடம்தான் இன்றைய பரிந்துரையாளரின் இடம். இங்கே மஹல்லாவின் பெரியவர்களுக்கும் வெளிநாட்டில் நல்ல பதவியில் இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். நல்ல பரிந்துரை செய்பவருக்கு அதில் பங்குண்டு, தீய பரிந்துரைக்கும் பங்குண்டு என்பது திருக்குர்ஆனின் (4:85) கருத்து. உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் மற்றொருவரை நல்லவர் என்று சொன்னபோது, அவர்கள் மூன்று கேள்விகள் கேட்டதாக பைஹகீயில் வருகிறது: அவருடைய இரவும் பகலும் தெரிந்த அண்டை வீட்டாரா, அவரோடு பொற்காசும் வெள்ளிக்காசும் கொடுத்து வாங்கியதுண்டா, பயணத்தில் உடனிருந்ததுண்டா. மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்ததும், அப்படியானால் அவரை உமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் ரெஸ்யூமில் பரிந்துரையாளர் என்று ஜமாஅத் தலைவரின் பெயரை அவருக்கே தெரிவிக்காமல் போடுகிறார்கள். அழைப்பு வந்தால் அவரும் நம்ம பையன்தான், நல்ல பையன் என்கிறார். அந்தப் பையன் சூளையருகே இரவில் விழித்திருந்ததைப் பார்த்த மேஸ்திரியின் பெயர் அங்கே இருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, எண்ணைச் சரிபார்த்து எழுத வேண்டும். லிங்க்ட்இன் பக்கத்திலும் உறவினர் எழுதும் பத்துப் பாராட்டுகளைவிட, கூட வேலை பார்த்த ஒருவர் எழுதும் நான்கு வரி மேலானது.

வளைகுடாவிலோ சென்னையிலோ ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் சகோதரர்கள் இதைப் படித்தால், ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் தாள்களைத் திறந்து பார்த்து, எது குறைகிறது என்று இரண்டு வரி பதில் எழுதுங்கள். வேலை தர முடியாவிட்டாலும் பரவாயில்லை. பதிலே வராத தாளை எப்படித் திருத்துவது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. கருவேப்பிலங்குறிச்சிப் பிள்ளைகளின் தாள்களை நாம் வழக்கம்போல் மஃரிபுக்குப் பிறகு பார்க்கிறோம். அசல் சான்றிதழ்களைக் கையோடு கொண்டு வரவும். வஸ்ஸலாம்.